கடலின் இரு கரையிலும் ஒரே பெயர்: வாசகர் கேள்வி–பதில்

ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்களின் குடும்பப் பெயர்கள் குறித்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்து விடையளித்திருக்கிறோம். ஆங்கில எழுத்துக்கூட்டலைக் காட்ட வேண்டிய இடங்களில் அந்தந்த எழுத்தின் பெயரையே தமிழில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ‘எம்–ஏ–சி’ என்று தொடங்கினால் ஸ்காட்லாந்துக்காரர், ‘எம்–சி’ என்று தொடங்கினால் அயர்லாந்துக்காரர் என்று பள்ளியில் ஆங்கில ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். இந்த விதி சரிதானா?
— வாசகர், மதுரை

பதில்: சரியன்று. ஆனால் உங்கள் ஆசிரியரை மட்டும் குறைசொல்ல முடியாது. இரு நாடுகளிலும் வாழும் படித்தவர்கள் பலரே இதை உறுதியாக நம்புகிறார்கள்.

‘மக்’ என்பது இரு நாடுகளிலும் வழங்கிய கேலிக் மொழியில் மகனைக் குறிக்கும் சொல். அது ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் பொதுவானது. ‘எம்–சி’ என்பது அதே சொல்லின் சுருக்கம். வேறு சொல் அன்று. கையால் எழுதிய காலத்தில் எழுத்தர்கள் நேரத்தையும் தாளையும் மிச்சப்படுத்த ‘எம்’ எழுதி, ‘சி’யைச் சிறியதாக மேலே தூக்கி எழுதி, சில சமயம் அதன் கீழே ஒரு கோடோ புள்ளியோ இட்டார்கள். அச்சகத்தில் அந்தச் சிறிய ‘சி’ இல்லாதபோது, மேற்கோள் குறியின் தொடக்கக் கமாவை ‘எம்’முக்குப் பக்கத்தில் கோத்தார்கள். வளைந்த அந்தக் கமா பார்வைக்குச் சிறிய ‘சி’ போலவே இருக்கும். பழைய நூல்களில் ‘எம்’முக்குப் பின் கமா இட்ட பெயர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆக, மூன்று வடிவங்களும் ஒரே சொல்தான். எதை எழுதுவது என்பது எழுதியவருடைய பழக்கத்தைப் பொறுத்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒருவிதமாகவும் தம்பி வேறுவிதமாகவும் கையெழுத்திட்டதுண்டு. ஒரே ஆவணத்தில் ஒரே ஆளின் பெயர் இருவிதமாக வருவதும் உண்டு.

விதியை உடைக்கும் சான்றுகளுக்குக் குறைவில்லை. 1781 முதல் 1785 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் மக்கார்ட்னி பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் வட்டாரத்தில். அவர் பெயர் முழு ‘எம்–ஏ–சி’. அமெரிக்காவில் உணவகம் தொடங்கி உலகமெங்கும் தங்கள் பெயரைப் பலகையாக்கிய மெக்டொனால்ட் சகோதரர்களின் பெற்றோர் அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள். ஆனால் ‘டொனால்ட்’ என்ற வடிவமோ ஸ்காட்லாந்துக்கு உரியதாகப் பலரும் கருதுவது.

மூன்றாவது எழுத்துக்குப் பின் பெரிய எழுத்து வர வேண்டுமா என்பதும் இப்படித்தான். கனடாவின் முதல் பிரதமர் ஜான் மக்டொனால்ட் கிளாஸ்கோவில் பிறந்தவர்; பெயரின் நடுவில் சிறிய ‘டி’ எழுதினார். பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமர் ராம்சே மக்டொனால்ட் வடக்கு ஸ்காட்லாந்தின் லாசிமத் ஊர்க்காரர்; அவருக்குப் பெரிய ‘டி’. இதிலிருந்து இனத்தையோ குலத்தையோ கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை.

கேள்வி: அப்படியானால் மக்டொனால்ட், மக்டொனெல், ஓ’டொனெல் என்பவை ஏன் வேறுபடுகின்றன? ஒரே பெயரா, வெவ்வேறா?
— வாசகி, திருச்சி

பதில்: மூன்றுக்கும் அடியில் இருப்பது ‘டோனல்’ என்று ஏறத்தாழ ஒலிக்கும் ஒரே ஆட்பெயர். ஏன் மூன்றாயிற்று என்பதற்கு முதலில் நிலவியலைப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் கின்டைர் முனைக்கும் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரைக்கும் இடையே கடல் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர்தான். வானம் தெளிந்த நாளில் ஒரு கரையிலிருந்து மறு கரை தெரியும். கேலிக் மொழி அயர்லாந்திலிருந்து மேற்கு ஸ்காட்லாந்துக்குப் பரவியது. 17ஆம் நூற்றாண்டு வரை இரு கரைப் புலவர்களும் ஏறத்தாழ ஒரே இலக்கிய மொழியில் எழுதினார்கள். ஆகவே பெயர்கள் கேலிக்கில் இருந்தவரை சிக்கல் இல்லை. அவற்றை ஆங்கில எழுத்தில் பதிய நேர்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

கேலிக் எழுத்துமுறையில் ‘எம்’முக்குப் பின் ‘எச்’ வந்தால் அந்த ‘எம்’ ஒலி மெலிந்து ‘வ’வாகிவிடும் அல்லது மறைந்தே போகும்; ‘டி–எச்’ சேர்ந்தாலும் ‘டி’ அப்படியே ஒலிக்காது. பதிவேட்டின் முன் உட்கார்ந்த எழுத்தருக்கு இந்த இலக்கணம் தெரியாது. எதிரே நின்றவர் சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதினார். ஸ்காட்லாந்து எழுத்தர் காதில் பெயரின் இறுதி ‘ல்’ ஒலிக்குப் பின்னால் ஒரு ‘ட்’ கேட்டது. ரொனால்ட் போன்ற பெயர்கள் அவருக்கு முன்பே பழக்கமானவை என்பதும் அதற்குத் துணைசெய்திருக்கும். அயர்லாந்து எழுத்தர் இரட்டை ‘எல்’லோடு நிறுத்திக்கொண்டார்.

இதை வைத்து ‘டொனால்ட் என்றால் ஸ்காட், டொனெல் என்றால் ஐரிஷ்’ என்று விதி செய்துவிடலாம் என்று தோன்றும். பெருமளவு பொருந்தவும் செய்யும். ஆனால் ஆன்ட்ரிமின் புகழ்பெற்ற மக்டொனெல் குடும்பம் ஸ்காட்லாந்தின் டொனால்ட் குலத்தின் கிளை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு திருமணத்தின் வழியாக அங்கே நிலம் பெற்றுக் குடியேறி, 1620இல் ஆன்ட்ரிம் பிரபு என்ற பட்டமும் பெற்றது. எதிர்ப்பக்கம், ஸ்காட்லாந்து மலைநாட்டின் கிளென்கேரித் தலைவர்கள் கடைசி வரை ‘மக்டொனெல்’ என்றே எழுதினார்கள். ஓ’டொனெல் மட்டும் இரத்த உறவில் வேறு: அது அயர்லாந்தின் டொனிகால் பகுதியை ஆண்ட குடி. அடிப்படையான ஆட்பெயர் ஒன்று. முன்னோராகிய டோனல் வேறு ஆள்.

இதே கதை பல பெயர்களில் நடந்திருக்கிறது. ஆங்கஸின் மகன் என்ற பெயர் ஸ்காட்லாந்தில் மக்கின்னிஸ் ஆயிற்று. ‘ஐ’யும் இரட்டை ‘என்’னும் வரும். அயர்லாந்தில் அதே பெயர் ‘ஜி’ ஒலி பெற்று மகென்னிஸ், மக்கின்னஸ் என்றாகி, முன்னொட்டையும் இழந்து கின்னஸ் ஆயிற்று. டப்ளினில் 1759இல் தொடங்கிய மதுவடிப்பாலையின் பெயர்ப்பலகையில் இருப்பது அந்தக் கடைசி வடிவம். உயிரெழுத்தில் தொடங்கும் பெயருக்கு முன்னால் அயர்லாந்துப் பேச்சில் ‘மக்’ என்பதன் இறுதி ஒலி மெலிந்து, ‘ஜி’ எழுத்தின் மெல்லிய ககர ஒலியாவதுண்டு, அந்த ஒலி அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டதன் விளைவு இது.

‘ஏ’ என்று நீட்டி ஒலிக்கும் ஒரு சிறு பெயர் கேலிக்கில் உண்டு, பொருள் நெருப்பு. அதன் மகன்களின் பட்டியலைப் பாருங்கள்: ஸ்காட்லாந்தில் மக்காய், அயர்லாந்தில் மகீ, மக்காய் என்பதற்கு நெருங்கிய மக்கோய், மக்ஹ்யூ. பேரன்களின் வழியில் ஹேஸ், ஓ’ஹே, ஹ்யூஸ். ஆங்கில நெடுங்கணக்கில் தேடினால் இவை ஒன்றுக்கொன்று பத்துப் பக்கம் தள்ளி இருக்கும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒன்று. கிளென் மக்ராவின் பெயரை நம் நாளிதழ்கள் ‘மெக்ராத்’ என்று ஆண்டுக்கணக்கில் அச்சிட்டன. எழுத்தில் இறுதியில் ‘டி–எச்’ இருப்பதுதான் காரணம். அந்த ‘டி–எச்’ ஒலிப்பதில்லை. கேலிக் வடிவத்தில் இருந்த ஓர் ஒலி பேச்சில் தேய்ந்துவிட, எழுத்து மட்டும் அயர்லாந்து வடிவத்தில் தங்கிவிட்டது. ஸ்காட்லாந்தில் இதே பெயரைக் காதில் கேட்டபடி எழுதி மக்ரே ஆக்கினார்கள். சிலர் வெறும் ரே. அருளின் மகன் என்று பொருள். இங்கே அருள் என்பது தந்தையின் பெயரன்று. இன்னொரு ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் கிரெய்க் மக்டெர்மட்டின் பெயர் அயர்லாந்து வடிவம். ஸ்காட்லாந்தின் பெர்த்ஷையரில் அதை ‘–டியர்மிட்’ என்று முடிப்பார்கள்.

ஒலியைக் கேட்டு எழுதியதால் வந்தவை இவை. பொருளை மொழிபெயர்த்ததால் வந்த குழப்பம் வேறு. தச்சனின் மகன் என்ற பெயர் ஸ்காட்லாந்தில் மக்கின்டயர், அயர்லாந்தின் வடக்கில் மக்கட்டீர். கேலிக்கில் தச்சனைக் குறிக்கும் சொல்லும் கட்டற்றவன் என்ற சொல்லும் ஒரே எழுத்துடையவை என்பதால், அயர்லாந்தில் சில மக்கட்டீர்கள் ஃப்ரீமன் என்று பதிவாகிவிட்டார்கள். உளி பிடித்தவரின் வழித்தோன்றலை அந்தப் பெயரிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: கேலிக் ‘மக்’ தமிழ் ‘மகன்’ என்பதோடு தொடர்புடையதா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. தற்செயலான ஒலி ஒப்புமை. ‘மக்’ என்பதன் பழைய வடிவம் அயர்லாந்தில் ஓகம் என்ற பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டுகளில் ‘மக்வி’ போல வருகிறது. அதன் உடன்பிறப்பு வேல்ஸ் மொழியின் ‘மாப்’. ரைஸின் மகன் என்பது வேல்ஸில் ‘அப் ரைஸ்’ ஆகிப் பின் பிரைஸ் என்றானதும் அந்த வழியில்தான். இரு சொற்களின் வரலாற்றையும் பின்னோக்கிப் பார்த்தால் அவை நெருங்குவதில்லை, விலகுகின்றன.

கேள்வி: ஓ’பிரையன், ஓ’நீல் போன்ற பெயர்கள் ஏன் அயர்லாந்தில் மட்டும் இருக்கின்றன? அந்த ‘ஓ’வுக்குப் பின் வரும் குறி எதைச் சுருக்குகிறது?
— வாசகர், கொழும்பு

பதில்: எதையும் சுருக்கவில்லை. ‘ஓ’ என்பது பேரன் அல்லது வழித்தோன்றல் என்று பொருள்படும் முழுச் சொல். கேலிக்கில் அதன் மேல் இடமிருந்து வலமாக ஏறும் சாய்கோடு ஒன்று உண்டு. அது நெடில் குறி. ஆங்கில எழுத்தர்கள் அந்தக் கோட்டை அபாஸ்ட்ரஃபி என்று கொண்டோ, ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ என்பதைச் சுருக்கும் பழக்கத்தாலோ கமாவாக்கிவிட்டார்கள். அயர்லாந்து மொழியில் இன்று எழுதுபவர்கள் கமா இடுவதில்லை. சாய்கோட்டிட்ட ‘ஓ’, ஓர் இடைவெளி, பின் பெயர்.

அயர்லாந்தில் பரம்பரைக் குடும்பப் பெயர்கள் ஐரோப்பாவிலேயே மிக முன்னதாக நிலைத்தன. 916இல் இறந்த ஒரு சிற்றரசரை அயர்லாந்து ஆண்டேடுகள் ‘ஓ கிளீரி’ என்று குறிக்கின்றன. இன்றைய கிளியரி, கிளார்க் குடும்பங்கள் பல அந்தப் பெயரின் வழி வந்தவை. 1014இல் போரில் இறந்த பிரையன் போருவின் பேரன்மார் தங்களை ஓ’பிரையன் என்று அழைத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தில் குடும்பப் பெயர்கள் நிலைத்தது பிந்திய காலத்தில். அங்கே தந்தை பெயரைச் சொல்லும் ‘மக்’கும், இடப்பெயரும், குலத்தலைவரின் பெயரும் போதுமாக இருந்தன. ‘ஓ’ வேர்விடவில்லை. ஆகவே ஒரு பெயரின் முன் ‘ஓ’ இருந்தால் அதை அயர்லாந்து என்று கொள்வதில் பெரும்பாலும் பிழை நேராது. எழுத்துக்கூட்டலை வைத்து நாட்டைச் சொல்லும் விதிகளில் மிக உருப்படியானது இதுதான் என்பேன்.

ஆனால் இதன் மறுதலை உண்மையன்று. ‘ஓ’ இல்லாததால் ஐரிஷ் இல்லை என்று ஆகிவிடாது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில ஆட்சியின் அழுத்தத்தில் ஏராளமான குடும்பங்கள் ‘ஓ’வையும் ‘மக்’கையும் உதிர்த்தன. 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு தலைமைப் பதிவாளர் அலுவலகம் தயாரித்த பட்டியலில் மர்ஃபி முதலிடம், கெல்லி இரண்டாமிடம், சலிவன் மூன்றாமிடம். மூன்றுமே ‘ஓ’ உடைய பெயர்களாக இருந்தவை. 1893இல் கேலிக் மொழியை மீட்க கேலிக் லீக் என்ற சங்கம் தோன்றியபின் மொழிப்பற்றோடு பெயர்ப்பற்றும் வந்தது. சலிவன்களில் பெரும்பாலோர் அயர்லாந்தில் மீண்டும் ஓ’சலிவன் ஆனார்கள். மர்ஃபியும் கெல்லியும் ஏனோ திரும்பவில்லை. அதற்கு முன்பே கப்பலேறிய சலிவன்கள் அமெரிக்காவில் சலிவன்களாகவே தங்கிவிட்டார்கள். அயர்லாந்துக் குடும்பப் பெயர் ஆய்வின் தந்தை என்று சொல்லத்தக்க எட்வர்ட் மக்லைசாட் தாமே லைசாட் என்ற பெயரோடு வளர்ந்து, பின்னர் ‘மக்’கைச் சேர்த்துக்கொண்டவர்.

இந்தக் கமா இன்றும் தொல்லை தருகிறது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் அபாஸ்ட்ரஃபிக்கு இடமில்லை. ஓ’கானர் அங்கே ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்கிறார். விமானச் சீட்டில் ஒன்றும் கணினிப் படிவத்தில் வேறொன்றுமாக வருவதால் இவர்கள் வரிசையில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: பாடகி என்யாவின் இயற்பெயரில் ‘நீ’ என்று வருகிறதே, அது என்ன?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கேலிக்கில் பெண் ‘மக்’காகவோ ‘ஓ’வாகவோ இருக்க முடியாது, இரண்டும் ஆண்பாற் சொற்கள். ஓ’பிரெனன் வீட்டு மகள் ‘நீ’ என்ற முன்னொட்டைப் பெறுவார். மருமகள் ‘ஈ’ என்று ஒலிக்கும் வேறொன்றைப் பெறுவார். என்யா, பிரெனன் என்று ஆங்கிலத்தில் எழுதப்படும் குடும்பத்தின் மகள். ஸ்காட்லாந்து கேலிக்கில் ‘மக்’ வீட்டு மகளுக்கு ‘நிக்’. எழுதும் முறையிலும் ஒரு வேறுபாடு காணலாம்: அயர்லாந்தில் முன்னொட்டும் பெயரும் இரு சொற்களாக நிற்கும், ஸ்காட்லாந்தில் ஒட்டி எழுதுவார்கள். நெடிலைக் காட்டும் சாய்கோடும் அயர்லாந்தில் வலப்பக்கம் ஏறும், ஸ்காட்லாந்தில் வலப்பக்கம் இறங்கும். ஆங்கிலத்தில் பதிந்தபோது இந்தப் பால் வேறுபாடு முழுவதும் அழிந்து, பெண்களும் ‘மகன்’ ஆகிவிட்டார்கள்.

கேள்வி: கால்டுவெல் அயர்லாந்துக்காரரா, ஸ்காட்லாந்துக்காரரா? அவர் பெயரின் எழுத்துக்கூட்டலிலிருந்து ஏதேனும் தெரியுமா? காலின் மெக்கன்சியின் பெயரையும் சேர்த்து விளக்குக.
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: 1814இல் ஆன்ட்ரிம் வட்டாரத்தின் கிளாடி என்ற ஊரில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர் ராபர்ட் கால்டுவெல். சிறு வயதிலேயே குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பியது, படித்ததும் அங்கேதான். பிறந்த மண்ணால் அயர்லாந்து, குடியால் ஸ்காட்லாந்து. பெயர் இடப்பெயரிலிருந்து வந்தது: ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் அந்தப் பெயருடைய இடம் உண்டு, பொருள் குளிர்ந்த ஊற்று. ‘கோல்ட்’ என்ற தென்பகுதி ஆங்கில ஒலிக்கு மாறாக ‘கால்ட்’ என்று ‘ஏ’ வருவது வடபகுதிப் பேச்சின் அடையாளம். அதனால் இந்த எழுத்துக்கூட்டல் வடக்கைக் காட்டுகிறதே ஒழிய, கடலின் எந்தக் கரை என்று காட்டாது. 1609க்குப் பின் ஸ்காட்லாந்துக்காரர்களை அயர்லாந்தின் வட பகுதியாகிய அல்ஸ்டரில் பெருமளவில் குடியேற்றியதால் அங்கே ஸ்காட்லாந்துப் பெயர்கள் அப்படியே வேரூன்றின. வட அயர்லாந்துப் பெயர் எதைப் பற்றியும் எழுத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஆபத்தானது.

மெக்கன்சியின் கதை இன்னும் சுவையானது. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர். அவர் திரட்டிய சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. பிறந்தது ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், ஸ்டோர்னவே நகரில். அவர் பெயரில் வரும் ‘இசட்’ உண்மையில் ‘இசட்’டே அன்று. பழைய ஸ்காட்லாந்து எழுத்துமுறையில் ‘யோக்’ என்றோர் எழுத்து இருந்தது. 3 என்ற எண்ணைப் போல வால் தொங்க இருக்கும், ‘ய’வை ஒட்டிய ஒலி தரும். அச்சு வந்தபோது அச்சுக்கோப்பவரிடம் அந்த எழுத்து இல்லை. தோற்றத்தில் நெருங்கிய ‘இசட்’டை எடுத்து வைத்தார். பெயர் அதுவரை ‘மக்கென்யீ’ என்பதற்கு அருகில் ஒலித்தது. பின்னர் எழுத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கியதும் ‘ச’ ஒலி வந்து ஒட்டிக்கொண்டது. மென்சிஸ் என்று எழுதப்படும் பெயரை ஸ்காட்லாந்தில் இன்றும் ‘மிங்கிஸ்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ‘டி–ஏ–எல்–இசட்–ஐ–ஈ–எல்’ என்று எழுதி ‘டீ–எல்’ என்று படிப்பார்கள். இப்படி ‘இசட்’ ஒளிந்திருக்கும் பெயர் அநேகமாக ஸ்காட்லாந்துடையது. அயர்லாந்தில் யோக் இந்த வேலையைச் செய்யவில்லை.

தமிழில் ‘மக்’ என்பதா, ‘மெக்’ என்பதா, ‘மாக்’ என்பதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அழுத்தமில்லாத அந்த ஒலிக்கு ‘மக்’ நெருக்கமானது. ஆயினும் மெக்கன்சி சுவடிகள் என்று நிலைத்துவிட்டதை இனி மாற்றுவது நூலகத்தில் தேடுபவர்களுக்குச் செய்யும் தீங்கு.

கேள்வி: அரசு ஆணையால் பெயரையே மாற்ற வைத்ததுண்டா?
— வாசகர், சேலம்

பதில்: இரு நாடுகளிலும் உண்டு, நோக்கம் வேறு. 1465இல் அயர்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் டப்ளின், மீத், லவுத், கில்டேர் ஆகிய வட்டாரங்களில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள் ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்றது: ஓர் ஊரின் பெயர், அல்லது வெள்ளை, கறுப்பு, பழுப்பு போன்ற நிறம், அல்லது கொல்லர், தச்சர் போன்ற தொழில். அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்பது வேறு கேள்வி. ஆனால் கொல்லனின் மகன் என்று பொருள்படும் மக்கவன் குடும்பங்கள் பல ஸ்மித் ஆனதை, குறிப்பாகக் கேவன் வட்டாரத்தில், இன்றும் காணலாம். ‘ஐ’க்கு மாற்றாக ‘ஒய்’ இட்ட ஸ்மித்கள் அங்கே மிகுதி.

ஸ்காட்லாந்தில் 1603ஆம் ஆண்டு ஏப்ரலில் மக்கிரகர் என்ற பெயரே தடைசெய்யப்பட்டது. கிளென் ஃப்ரூயினில் மக்கிரகர்கள் நடத்திய படுகொலைக்குப் பின் அரசவை இட்ட ஆணை அது. பெயரை வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். குடும்பங்கள் கிரகாம், மர்ரே, கிராண்ட், கேம்பல் என்று கிடைத்த பெயருக்குள் புகுந்தன. ராப் ராய் மக்கிரகர் கேம்பல் என்று கையெழுத்திட்டது இதனால்தான். 1661இல் தடை நீங்கி, 1693இல் மீண்டும் வந்து, 1774இல்தான் முற்றாக ஒழிந்தது. எழுத்துக்கூட்டலை எவ்வளவு நுணுகிப் பார்த்தாலும் ஒரு கேம்பல் உண்மையில் மக்கிரகரா என்பது தெரியாது.

கேம்பல் என்ற பெயரே இன்னொரு பொறி. ஸ்காட்லாந்தில் அது ‘கோணல் வாய்’ என்று பொருள்படும் பட்டப்பெயர். நடுவில் ‘எம்’மை அடுத்து வரும் ‘பி’யை இலத்தீன் மூலம் தேடியவர்கள் பின்னால் செருகினார்கள். அயர்லாந்தின் டைரோன் பகுதியில் மக் காவில் என்ற முற்றிலும் வேறான குடிப்பெயரையும் கேம்பல் என்றே எழுதினார்கள். எழுத்து ஒன்று, குலம் இரண்டு. மர்ரேயும் அப்படி: ஸ்காட்லாந்தில் மொரே நிலப்பகுதியின் பெயர், அயர்லாந்தில் ஓ’முரிதி என்ற குடும்பத்தின் பெயர். இதற்கு நேர்மாறு வாலஸும் வால்ஷும். ஸ்காட்லாந்தில் வாலஸ், அயர்லாந்தில் வால்ஷ். இரண்டுமே ‘வேல்ஸ்காரன், அயலான்’ என்ற ஒரே சொல். எழுத்து இரண்டு, பொருள் ஒன்று.

கேள்வி: தாம்சன், கிளார்க், பிரவுன், ஸ்டுவர்ட் ஆகியவற்றில் வரும் சிறு வேறுபாடுகளுக்குப் பொருள் உண்டா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: போக்கு உண்டு, விதி இல்லை. ‘பி’ இல்லாத தாம்சன் ஸ்காட்லாந்து வழக்கம். ‘பி’ உள்ளது இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் மிகுதி. ஆனால் கெல்வின் பிரபு என்று நாம் அறிந்த வில்லியம் தாம்சன் பெல்ஃபாஸ்டில் பிறந்தும் ‘பி’ இல்லாதவர். இறுதியில் ‘ஈ’ சேர்த்த கிளார்க், பிரவுன், கிரீன் ஆகியவற்றை அயர்லாந்தில் மிகுதியாகக் காணலாம். அயர்லாந்து விடுதலைக்கான 1916 ஈஸ்டர் எழுச்சிப் பிரகடனத்தின் முதல் கையொப்பக்காரர் தாமஸ் கிளார்க் அந்த ‘ஈ’ உடையவர். ஸ்டூவர்ட் அரச மரபின் பெயர் ‘டபிள்யூ’வை இழந்தது பிரெஞ்சால்: அந்த எழுத்துக்குப் பழக்கமில்லாத பிரான்சில் வளர்ந்த அரசி மேரி ‘யூ’ போட்டு எழுதிய வடிவம் பரவியது.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா நீலகிரியில் தோட்டத்தில் பணியாற்றியவர். ஞானஸ்நானப் பதிவில் மக்லீன் என்று ஒரு ‘சி’யுடனும், திருமணப் பதிவில் இரண்டு ‘சி’யுடனும், கல்லறையில் ‘எம்’முக்குப் பின் கமாவுடனும் இருக்கிறது. எந்த நாட்டில் தேடுவது?
— வாசகி, குன்னூர்

பதில்: மூன்று வடிவங்களும் ஒரே ஆளுடையவை என்பதில் ஐயம் வேண்டாம். ஒற்றைச் ‘சி’ ஸ்காட்லாந்தில் மிகுதி, இரட்டைச் ‘சி’ அல்ஸ்டரில் மிகுதி. என்றாலும் திருமணப் பதிவை எழுதியது கொள்ளுத்தாத்தா அல்லர், பாதிரியாரோ அவருடைய எழுத்தரோதான். ஆகவே அந்த இரண்டாவது ‘சி’யை நம்பி அயர்லாந்துக்குப் போய்விடாதீர்கள்.

முதலில் நாட்டைத் தேடாமல் ஆளைத் தேடுங்கள். சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அலுவலக ஆவணங்களோடு உள்ளன. திருமணப் பதிவில் தந்தையின் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்காட்லாந்தில் குடிமைப் பதிவு 1855 ஜனவரி 1இல் தொடங்கியது. அங்கே இறப்புச் சான்றிதழில்கூடத் தாயின் பிறந்தவீட்டுப் பெயரைக் குறிப்பார்கள். திருமணமான பெண்ணைக் கல்லறையில் பிறந்தவீட்டுப் பெயரோடு எழுதும் வழக்கமும் அங்கே உண்டு. உங்கள் கொள்ளுப்பாட்டியின் கல்லில் கணவர் பெயரல்லாத குடும்பப் பெயர் இருந்தால் அது ஸ்காட்லாந்துக்கு நல்ல சான்று, எந்த எழுத்துக்கூட்டலையும்விட நல்ல சான்று.

அயர்லாந்து கடினம். எல்லாருக்குமான பதிவு 1864இல்தான் தொடங்கியது. 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளை அரசே அதற்கு முன் அழித்திருந்தது. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாக உள்ளன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். குடும்பத்தில் யாராவது அங்கே தங்கியிருந்தால் அதில் அகப்படுவார்கள்.

தேடும்போது ‘மக்’கின் மூன்று வடிவங்களையும், ஒற்றை, இரட்டைச் ‘சி’யையும், ‘லீன்’ என்பதில் ‘ஈ–ஏ’, ‘ஏ–ஐ’, ‘ஏ–என்–ஈ’ என்ற மாற்றங்களையும், முன்னொட்டே இல்லாத லீன் என்ற வடிவத்தையும் தனித்தனியாக இட்டுப் பாருங்கள். சில தளங்கள் ‘எம்–சி’யைத் தேடினால் ‘எம்–ஏ–சி’யைக் காட்டா. கல்லறை வாசகத்தைத் திருத்தாமல், கமாவை விடாமல், உள்ளது உள்ளபடி படியெடுங்கள். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெயிலில் படம் எடுத்தால், தேய்ந்த கல்லில் அது கமாவா, மேலே தூக்கி வெட்டிய சிறிய ‘சி’யா என்பது தெரியும்.